கார்டுக்கும் கார்டுக்கும் நடுவே: எக்ஸ்சேஞ்சுக்குள் ஈதர்நெட் வந்த கதை

லேண்ட்லைன் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு டயல் டோன் பழகிப்போன ஒலி. ரிசீவரை எடுத்தால் கேட்கும். கேட்காத நாளில்தான் அப்படி ஒன்று இருந்ததே நினைவுக்கு வரும். ரிசீவரை எடுத்த கணத்துக்கும் அந்த ஒலி காதில் விழும் கணத்துக்கும் இடையே, எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் எக்ஸ்சேஞ்சுக்குள் ஒரு பேச்சு நடந்து முடிந்திருக்கும். அங்கே வேலை செய்யும் ஆட்களின் பேச்சு இல்லை அது. ரேக்கில் வரிசையாகச் செருகியிருக்கும் கார்டுகள் தமக்குள் பேசிக்கொள்வது. அந்தப் பேச்சு எந்தக் கம்பியில் போனது, ஏன் அந்தக் கம்பி போதாமல் போனது, ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்காகப் பிறந்த ஈதர்நெட் அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்பதுதான் இந்தக் கதை.

நமக்குத் தெரிந்த எக்ஸ்சேஞ்சிலிருந்தே தொடங்கலாம். 1984இல் மத்திய அரசு தொடங்கிய சி-டாட் நிறுவனம், கிராமத்துக்கென்று 128 இணைப்புகள் கொண்ட ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சைச் செய்தது. ஏசி வேண்டாம், தூசியைத் தாங்கும். 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதலில் வேலை செய்தது. பிறகு வந்த பெரிய சி-டாட் எக்ஸ்சேஞ்சின் அமைப்பு இது: ஒரு லைன் கார்டில் எட்டு சந்தாதாரர்கள். அப்படிப் பதினாறு கார்டு சேர்ந்தால் ஒரு யூனிட், 128 பேர். நான்கு யூனிட் சேர்ந்தால் 512 பேர். யூனிட்டுக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கார்டு. அத்தனைக்கும் மேலே, அழைப்பை நடத்தி வைக்கும் மூளையாக ஒரு புராசஸர். நடுவே, செய்திகளை அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் அனுப்புவதற்கென்றே தனியாகச் சில கார்டுகள்.

நீங்கள் ரிசீவரை எடுத்ததும் லைன் கார்டுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. மூன்றாவது லைனில் கரண்ட் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த லைன் யாருடையது, பில் கட்டியிருக்கிறாரா, எஸ்டிடி வசதி உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எனவே மேலே சொல்கிறது. மூளை யோசித்து, "டயல் டோன் கொடு" என்று கீழே சொல்கிறது. நீங்கள் முதல் எண்ணைச் சுழற்றியதும் அதுவும் மேலே போகிறது. டோனை நிறுத்து என்று பதில் வருகிறது. ஒவ்வொரு எண்ணும் ஒரு செய்தி. பிறகு, கூப்பிடப்பட்டவர் வீட்டு மணியை அடி, கூப்பிட்டவருக்கு மணியோசையைக் கேட்கச் செய், அவர் எடுத்துவிட்டார், இருவரையும் இணை, ஒருவர் வைத்துவிட்டார், பிரித்துவிடு. ஆறு இலக்க எண்ணுக்கு ஒரு உள்ளூர் அழைப்பு என்றாலே, எண்ணிப் பார்த்தால் பதினைந்து செய்தியைத் தாண்டும். நாம் பேசியது இரண்டே நிமிடம். நம்மைப் பேச வைக்க அவை பேசியது அவ்வளவு.

குரல் போகும் பாதை வேறு, செய்தி போகும் பாதை வேறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் எட்டு பிட்டாக மாற்றுகிறார்கள். ஆக ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட். அப்படி முப்பது குரல்களும் இரண்டு துணைத் தடங்களும் ஒரே கம்பியில் முறைவைத்து ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு டைம்ஸ்லாட். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தன் முறை கடிகாரம் போலத் தவறாமல் வரும். குரலுக்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு கிடையாது.

செய்திக்கும் இதையே கொடுத்தார்கள். கையில் இருந்தது அதுதான் என்பதால். ஒரு டைம்ஸ்லாட்டைச் செய்திக்கு ஒதுக்கி, எச்.டி.எல்.சி. என்ற முறையில் தொடக்கமும் முடிவும் குறித்து, பிழை இருந்தால் கண்டுபிடிக்கும்படி அனுப்பினார்கள். வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் செய்தி குரலைப் போல ஒழுங்காக வருவதில்லை. ஐந்து நொடி எதுவுமே இருக்காது. அடுத்த கணம் நாற்பது பேர் ஒரே நேரத்தில் ரிசீவரை எடுப்பார்கள். மேட்ச் முடிந்த நிமிடம், புத்தாண்டு நள்ளிரவு, ஊரில் ஒரு விபத்து.

கணக்கைப் பாருங்கள். 64 பைட் நீளமுள்ள ஒரு செய்தி என்றால் 512 பிட். நொடிக்கு 64,000 பிட் போகும் பாதையில் அதை அனுப்பி முடிக்க 8 மில்லி வினாடி ஆகும். தனியாகப் பார்த்தால் சின்ன நேரம்தான். வரிசைதான் தொல்லை. வரிசையில் நிற்பதைப் பற்றிய கணிதமே தொலைபேசியில்தான் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் நூறு ஆண்டுக்கு முன்பே அதை எழுதி வைத்துவிட்டார். அவர் வழியில் கணக்குப் போட்டால், பாதை பாதியளவு நிரம்பியிருக்கும்போது ஒரு செய்தி தன் முறைக்குச் சராசரியாக 4 மில்லி வினாடி காத்திருக்கும். தொண்ணூறு சதவீதம் நிரம்பினால் 36 மில்லி வினாடி. இது ஒரு தாவலுக்கு மட்டும். லைன் கார்டிலிருந்து யூனிட் கட்டுப்பாட்டுக் கார்டு, அங்கிருந்து செய்தி கார்டு, அங்கிருந்து மூளை, பிறகு அதே வழியில் திரும்பி. பதினைந்து செய்திக்கும் இப்படி. சந்தாதாரருக்கு டயல் டோன் தாமதமாக வருவது இப்படித்தான். அவர் பொறுமையிழந்து ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி எடுப்பார். அது இன்னும் இரண்டு செய்தி. கூட்டம் கூட்டத்தை வளர்க்கும்.

இன்னொரு கஷ்டம் வெளியே தெரியாது. கார்டுக்கு மின்சாரம் போய் வந்தால் அதன் புரோகிராமை மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு மெகாபைட் புரோகிராமை அதே 64 கிலோபிட் பாதையில் ஏற்ற இரண்டு நிமிடத்துக்கு மேல். எட்டு மெகாபைட் என்றால் பதினேழு நிமிடம். ஆண்டு முழுவதிலும் ஐந்தேகால் நிமிடம்தான் நின்று போகலாம் என்று கணக்கு வைத்திருக்கும் தொழில் இது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் தன் முதல் மின்னணு எக்ஸ்சேஞ்சுக்கு வைத்த இலக்கு இன்னும் கடுமை: நாற்பது ஆண்டில் இரண்டு மணி நேரம்.

அதனால் வேகமான வேறொரு வழியைப் பலரும் பிடித்தார்கள். பேரலல் பஸ். கார்டுகளைச் செருகும் ஷெல்ஃபின் பின்பக்கம் இருக்கும் பெரிய போர்டை, பேக்பிளேன் என்பதை, எல்லாக் கார்டும் பகிர்ந்துகொள்ளும் கம்பிகளால் நிரப்பிவிடுவது. பதினாறோ முப்பத்திரண்டோ பிட்டுகள் ஒரே தட்டில் போகும். வேகம் பிரமாதம். ஆனால் அந்தக் கம்பிகள் எல்லோருக்கும் பொது.

பொது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது ஒரு சோதனைக் கூடத்தில். தொண்ணூறுகளின் இறுதி. ஷெல்ஃப் முழுக்கக் கார்டுகள், எல்லாவற்றிலும் பச்சை விளக்கு, ஐம்பது அழைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு லைன் கார்டை மாற்ற வேண்டியிருந்தது. கார்டை அதன் தடத்தில் வைத்துத் தள்ளி, மேலும் கீழும் இருக்கும் கைப்பிடிகளை அழுத்தினேன். வழக்கமாகக் கேட்கும் 'டக்' கேட்கவில்லை. கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இன்னும் சற்று அழுத்தினேன். அவ்வளவுதான். அந்த ஒரு கார்டு மட்டும் என்று இல்லை, ஷெல்ஃபில் இருந்த அத்தனை கார்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐம்பது அழைப்பும் போயின.

பக்கத்தில் இருந்த மூத்தவர் என்னைத் திட்டவில்லை. டார்ச்சை வாங்கி ஸ்லாட்டுக்குள் அடித்துக் காட்டினார். பேக்பிளேன் கனெக்டரில் நூற்றுக்கணக்கான பின்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வளைந்து, பக்கத்தில் இருந்த கிரவுண்ட் பின்னைத் தொட்டுக்கொண்டு நின்றது. "ஒரு பின்னு வளைஞ்சா போதும் தம்பி. அந்த லைன் கீழயே படுத்துக்கும். அப்புறம் எவன் பேசினாலும் எவனுக்கும் கேக்காது" என்றார். கார்டை வெளியே எடுத்தும் பயனில்லை. வளைந்தது பேக்பிளேனின் பின். அன்று மாலைவரை அந்த ஷெல்ஃப் ஊமையாகவே இருந்தது. வேகத்தை மட்டும் பார்த்து ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை.

இனி ஈதர்நெட் பக்கம் வருவோம்.

1973 மே 22ஆம் தேதி, கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பாப் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். அங்கே ஆல்ட்டோ என்ற கம்ப்யூட்டர் உருவாகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதே புதிதாக இருந்த காலம். அவற்றையெல்லாம் ஒன்றோடொன்றும் புதிய லேசர் பிரிண்டரோடும் இணைக்க வேண்டும். மெட்காஃபுக்கு முன்மாதிரி ஹவாய் தீவுகளில் கிடைத்தது. அங்கே நார்மன் ஏப்ராம்சன் தலைமையில் தீவுகளை ரேடியோவால் இணைத்து, அலோஹா என்று பெயர் வைத்திருந்தார்கள். சொல்ல ஏதாவது இருப்பவர் சொல்லிவிடலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசி இரண்டும் கெட்டுப்போனால், சற்றுப் பொறுத்து மறுபடி சொல்லலாம். மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் இந்த எண்ணத்தை ஒரு தடித்த கேபிளுக்குள் கொண்டுவந்து செப்பனிட்டார்கள். பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று கேள். பேசும்போதும் கேட்டுக்கொண்டே இரு. மோதிவிட்டால் உடனே நிறுத்து. சீட்டுக் குலுக்கிப் போட்டது போல ஒரு நேரம் பொறுத்து மறுபடி முயற்சி செய்.

முதல் ஈதர்நெட்டின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். இந்த விசித்திரமான எண் வந்தது ஆல்ட்டோவின் உள் கடிகாரத்திலிருந்து. கையில் இருந்த கடிகாரத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டை வெளியிட்டன. 1983இல் அது தரநிலையாயிற்று.

தொலைபேசிக்காரர்கள் இதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதை அகம்பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: "அதிகபட்சம் எவ்வளவு நேரத்தில் என் செய்தி போய்ச் சேரும்?" அந்த ஈதர்நெட்டிடம் பதில் இல்லை. மோதினால் பொறுக்கும் நேரத்தின் வரம்பு மோத மோத இரட்டிப்பாகும். 10 மெகாபிட் கம்பியில் ஒரே ஒரு பொறுத்தல் 52 மில்லி வினாடி வரை போகலாம். பதினாறு முறை முயன்றும் முடியாவிட்டால் செய்தியைக் கீழே போட்டுவிடும். பிரிண்டருக்குப் போகும் பக்கம் தொலைந்தால் மறுபடி அனுப்பலாம். "அவர் ரிசீவரை வைத்துவிட்டார்" என்ற செய்தி தொலைந்தால்? பில் ஓடிக்கொண்டே இருக்கும். அது மட்டுமா, அந்தத் தடித்த கேபிளும் ஒரு பொதுக் கம்பிதான். என் வளைந்த பின்னின் அண்ணன்.

எனவே தொண்ணூறுகளில் தொலைபேசி உலகம் தன் பணத்தை ஏ.டி.எம். மீது கட்டியது. வங்கி இயந்திரம் இல்லை. 53 பைட் கொண்ட சின்னஞ்சிறு பொட்டலங்களாக எல்லாவற்றையும் அனுப்பும் முறை. அமெரிக்கர்கள் உள்ளே 64 பைட் சரக்கு வேண்டும் என்றார்கள், ஐரோப்பியர்கள் 32 போதும் என்றார்கள், நடுவில் 48 என்று முடிவாகித் தலைப்புக்கு 5 சேர்ந்தது. தாமதத்துக்கு உத்தரவாதம் தரும் நல்ல வடிவமைப்பு அது. ஆனால் ஒவ்வொரு சிப்பும் விலை அதிகம். செய்பவர்களும் குறைவு.

இதே ஆண்டுகளில் ஈதர்நெட் மாறிக்கொண்டிருந்தது. அதை மாற்றியது எது என்று பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்: தொலைபேசி. ஒவ்வொரு ஆபீஸ் மேசைக்கும் ஏற்கெனவே ஒரு தொலைபேசிக் கம்பி இருந்தது. அது மாடியின் ஒரு மூலையில் இருக்கும் சின்ன அறைக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லா மேசையும் ஒரு மையத்துக்கு. எக்ஸ்சேஞ்சின் அதே வடிவம். தடித்த கேபிளைச் சுவருக்குள் இழுப்பதைவிட இந்த முறுக்குக் கம்பியிலேயே டேட்டாவை அனுப்பலாமே என்று ஏ.டி.&டி. நிறுவனம் ஸ்டார்லேன் என்ற முறையைக் கொண்டுவந்தது. 1987இல் தரநிலையான அதன் வேகம் வெறும் ஒரு மெகாபிட். வேகத்தில் அது தோற்றது. ஆனால் மேசைக்கு ஒரு கம்பி, மையத்தில் ஒரு பெட்டி என்ற வடிவம் தங்கிவிட்டது. 1990இல் 10 மெகாபிட்டும் முறுக்குக் கம்பிக்கு வந்துவிட்டது. கம்பிகள் இப்போது தனித்தனி. ஆனாலும் மையத்தில் இருந்த ஹப் எல்லாக் கம்பியையும் உள்ளே ஒன்றாக்கியே வைத்திருந்தது. மோதல் அப்படியே இருந்தது.

அந்தக் கடைசி முடிச்சையும் அவிழ்த்தது சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஒரு சின்ன நிறுவனம். பெயர் கல்பனா. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பாரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். 1990இல் ஏழு போர்ட் கொண்ட ஒரு பெட்டியை அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே வரும் பொட்டலத்தின் முகவரியைப் பார்த்து, அது போக வேண்டிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். மற்ற ஐந்து போர்ட்டுக்கும் அது தெரியவே தெரியாது. முதல் போர்ட்டும் இரண்டாவதும் பேசும்போதே மூன்றாவதும் நான்காவதும் பேசலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்விட்ச். தொலைபேசித் தொழில் நூறு ஆண்டாக எக்ஸ்சேஞ்சை அழைத்து வந்த அதே பெயர். 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

தனிக் கம்பி, நடுவில் ஸ்விட்ச், பிறகு ஒரே நேரத்தில் இருபுறமும் பேசும் முழு இருவழி. 1997இல் இதுவும் தரநிலையானதும் மோதல் என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போயிற்று. காது கொடுத்துக் கேட்பதும் இல்லை, சீட்டுக் குலுக்குவதும் இல்லை. ஈதர்நெட் பொட்டலத்தின் உருவம் மட்டும் மாறாமல் நின்றது. நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன்: ஈதர்நெட் முதலில் தானே ஒரு எக்ஸ்சேஞ்சாக மாறியது, அதற்குப் பிறகுதான் எக்ஸ்சேஞ்சுக்குள் அதற்கு வாசல் திறந்தது.

1995இல் வந்த நூறு மெகாபிட் ஈதர்நெட்டில் அதே 64 பைட் செய்தி, முன்னும் பின்னும் உள்ள இடைவெளியையும் சேர்த்து, 6.72 மைக்ரோ வினாடியில் போய்விடுகிறது. 8 மில்லி வினாடியோடு ஒப்பிட்டால் ஆயிரத்து இருநூறு மடங்கு அளவுக்குக் குறைவு. ஒரே நேரத்தில் ஐம்பது கார்டு மூளைக்குச் செய்தி அனுப்பினாலும் ஐம்பதாவது செய்தி மில்லி வினாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும். "அதிகபட்சம் எவ்வளவு நேரம்?" என்ற பழைய கேள்விக்கு இப்போது ஒரு எண்ணைச் சொல்ல முடிந்தது. விலையோ, உலகத்து ஆபீஸ்களெல்லாம் வாங்கியதால் ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே வந்தது.

பல நிறுவனங்கள் தத்தம் ஷெல்ஃபுக்குள் சொந்தமாகவே இதைச் செய்து பார்க்கத் தொடங்கின. சுவரில் இருக்கும் சாக்கெட்டும் நீலக் கேபிளும் இல்லாத ஈதர்நெட். கார்டில் ஈதர்நெட் சிப். அங்கிருந்து பின்களின் வழியாகப் பேக்பிளேனுக்கு. பேக்பிளேனில் செம்புத் தடம் அரை மீட்டர்கூடப் போகாது. மறுமுனையில் ஸ்விட்ச் கார்டு. நூறு மீட்டருக்கு வடிவமைத்த ஒன்றுக்கு அரை மீட்டர் என்பது ஓய்வு.

இதற்குப் பொது உருவம் கொடுத்தது பிக்மிக் என்ற தொழில் கூட்டமைப்பு. தொண்ணூறுகளின் பாதியிலிருந்து தொலைபேசிக் கருவிகளில் காம்பேக்ட் பிசிஐ என்ற கார்டு முறை பரவியிருந்தது. அதன் உள்ளே இருந்தது பேரலல் பஸ். ஒரு பஸ்ஸில் எட்டு கார்டுக்கு மேல் தாங்காது. கூட வேண்டுமானால் பாலம் போட வேண்டும். 2001இல் வந்த பிக்மிக் 2.16 தரநிலை, அந்தக் கார்டுகளின் மூன்றாவது கனெக்டரை ஈதர்நெட்டுக்கு ஒதுக்கியது. ஒவ்வொரு கார்டிலிருந்தும் இரண்டு ஈதர்நெட் கம்பி. ஒன்று இடது ஸ்விட்ச் கார்டுக்கு, மற்றது வலது ஸ்விட்ச் கார்டுக்கு. இரட்டை நட்சத்திரம் என்று பெயர். ஒரு ஸ்விட்ச் செத்தாலும் மற்றது வழியாகப் பேச்சு தொடரும். ஒரு பின் வளைந்தால் அந்த ஒரு கார்டின் ஒரு வழி மட்டும் போகும். 2.16 ஷெல்ஃபை முதன்முதலில் பார்த்தபோது வேகத்தை நான் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார்டைப் பிடுங்கச் சொன்னேன். பக்கத்துக் கார்டுகளின் பச்சை விளக்கு அசையவில்லை.

2002 முடிவில் அட்வான்ஸ்டு டி.சி.ஏ. தரநிலை வந்தது. இது தொலைபேசி நிலையத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது: மைனஸ் 48 வோல்ட் மின்சாரம், எட்டு யூ உயரக் கார்டு, கார்டுக்கு 200 வாட் வரை. இதில் பேரலல் பஸ் கிடையவே கிடையாது. கட்டுப்பாட்டுச் செய்திக்கென்று இரட்டை நட்சத்திர ஈதர்நெட் அடிப்படை வசதியாக இருந்தது. 2007இல் ஈதர்நெட் தரநிலையை எழுதும் குழுவே பேக்பிளேனுக்கென்று தனி வகையை வெளியிட்டது. செம்புத் தடத்தில் நொடிக்கு 10 கிகாபிட். விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார்.

கம்பி கிடைத்துவிட்டது, ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆபீஸ் ஈதர்நெட்டின் பழக்கவழக்கங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு ஒத்துவரவில்லை. ஒரு உதாரணம். இரண்டு ஸ்விட்சுகளை இரண்டு கம்பியால் இணைத்தால் பொட்டலம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் எண்பதுகளில் ஒரு அழகான முறையைக் கண்டுபிடித்தார். ஸ்விட்சுகள் தமக்குள் பேசி ஒரு கம்பியை மூடி வைத்துக்கொள்ளும். ஓடும் கம்பி அறுந்தால் மூடியதைத் திறக்கும். ஆனால் திறப்பதற்கு, வழக்கமான அமைப்பில், ஐம்பது நொடி வரை ஆகும். ஆபீஸில் ஐம்பது நொடி இன்டர்நெட் நின்றால் டீ குடித்துவிட்டு வரலாம். எக்ஸ்சேஞ்சில் அது ஒரு பேரிடர். எனவே பலரும் எளிய வழியைப் பிடித்தார்கள்: இடது ஸ்விட்சையும் வலது ஸ்விட்சையும் ஒன்றோடொன்று இணைக்காமலே விட்டுவிடுவது. வட்டமே இல்லை என்றால் சுற்றவும் வழியில்லை. எந்தப் பக்கம் பேசுவது என்று கார்டே முடிவு செய்யும். 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு பக்கத்திலிருந்து வரும் துடிப்பு நின்றுபோனால் மறுபக்கம் மாறிக்கொள்ளும்.

அடுத்தது, செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை யார் உறுதி செய்வது? ஈதர்நெட் அதற்குப் பொறுப்பேற்காது. இன்டர்நெட்டின் டிசிபி முறை இருக்கிறதே என்று தோன்றும். டிசிபி கடல் தாண்டிப் போவதற்காகப் பிறந்தது. தொலைந்த ஒன்றை மறுபடி அனுப்பும் முன் ஒரு நொடியாவது பொறு என்று அதன் விதிமுறை சொல்லியது. ஒரு செய்தி தொலைந்தால் பின்னால் வந்ததெல்லாம் அதற்காகக் காத்துக் கிடக்கும். உங்கள் செய்தி தொலைந்ததற்காக என் டயல் டோன் ஏன் நிற்க வேண்டும்? இந்தக் குறைகளுக்காகவே தொலைபேசிக்காரர்கள் 2000இல் எஸ்.சி.டி.பி. என்ற புதிய முறையை எழுதினார்கள். தனித்தனி ஓடைகள், ஒன்று அடைத்தால் மற்றது நிற்காது. ஒரே இணைப்புக்கு இரண்டு முகவரி. இரட்டை நட்சத்திரத்துக்குப் பொருத்தமானது.

எனக்கு இன்னும் பிடித்தது எரிக்சன் நிறுவனத்துக்குள் பிறந்த டிஐபிசி. ஜான் மலாய் உருவாக்கியது. ஐபி முகவரி எதுவும் இல்லாமல் ஈதர்நெட்டின் மேலேயே நேரடியாக ஓடும். கார்டின் இடத்தைச் சொல்ல வேண்டாம், வேலையின் பெயரைச் சொன்னால் போதும். "பில் கணக்கு எடுப்பவர் யாரோ அவருக்கு" என்று அனுப்பலாம். அந்த வேலை நேற்று நான்காவது கார்டில் இருந்தது, இன்று அது செத்து ஒன்பதாவது கார்டுக்குப் போயிருக்கிறது. அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஊரில் 'தபால்காரர்' என்று கூப்பிட்டால் இன்று அந்த வேலையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பது போல. 2006இல் இது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இடம்பெற்றது.

வேகம் கூடக் கூட ஒரு பழைய பாடத்தை மறக்கக் கூடாது. 1990 ஜனவரி 15ஆம் தேதி, அமெரிக்காவில் ஏ.டி.&டி.யின் தொலைதூர வலையமைப்பு ஒன்பது மணி நேரம் தடுமாறியது. 114 எக்ஸ்சேஞ்சுகள் மாறி மாறி விழுந்து எழுந்தன. நியூயார்க்கில் ஒரு எக்ஸ்சேஞ்ச் சின்னக் கோளாறிலிருந்து மீண்டு, "நான் வந்துவிட்டேன்" என்று அக்கம்பக்கத்துக்குச் செய்தி அனுப்பியது. பக்கத்து எக்ஸ்சேஞ்ச் அதைக் குறித்துக்கொண்டிருக்கும்போதே, நொடியில் நூறில் ஒரு பங்குக்குள், இரண்டாவது செய்தி வந்து சேர்ந்தது. சி மொழியில் எழுதிய புரோகிராமில் ஒரு 'பிரேக்' தவறான இடத்தில் இருந்தது. முதல் செய்தியின் குறிப்பு கலைந்து அந்த எக்ஸ்சேஞ்ச் தானாகவே மறுதொடக்கம் செய்துகொண்டது. எழுந்ததும் அதுவும் "வந்துவிட்டேன்" என்றது. அது அடுத்ததை வீழ்த்தியது. செய்தி வந்த இடைவெளி குறைந்ததுதான் தூண்டுகோல். எட்டு மில்லி வினாடிக்கு ஒன்று என்று வந்த செய்தி, ஏழு மைக்ரோ வினாடிக்கு ஒன்று என்று வரும்போது, பழைய புரோகிராமுக்குள் ஒளிந்திருக்கும் இப்படிப்பட்ட தவறுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பழைய பாதையின் மந்தமே பல தவறுகளை மூடி வைத்திருந்தது. ஈதர்நெட்டுக்கு மாறிய எந்தக் குழுவைக் கேட்டாலும், கம்பியை மாற்றியது கொஞ்ச நாள், புரோகிராமைத் திருத்தியது நெடுநாள் என்பார்கள். வரும் செய்தியை எல்லாம் வாங்காமல், தாங்கும் அளவுக்கு மட்டும் வாங்க மூளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. புரோகிராம் ஏற்றும் பெரிய பொட்டலங்களுக்கு நடுவே அழைப்புச் செய்தி மாட்டிக்கொள்ளாதபடி முன்னுரிமை எண் போட வேண்டியிருந்தது. அதற்கு ஈதர்நெட்டில் எட்டுப் படிகள் இருந்தது நல்லதாயிற்று.

செய்தி முதலில் மாறியது, குரல் பிறகு மாறியது. 64 கிலோபிட் டைம்ஸ்லாட்டில் போய்க்கொண்டிருந்த குரலும் பொட்டலமாகி அதே ஈதர்நெட்டில் ஏறிக்கொண்டது. இன்று நம் மொபைல் அழைப்புகள் பெரும்பாலானவற்றில் குரல் பொட்டலமாகத்தான் போகிறது. ஆனால் ஒன்றை மட்டும் ஈதர்நெட்டால் அப்போது எடுத்துப் போக முடியவில்லை. டைம்ஸ்லாட் முறையில் எல்லா எக்ஸ்சேஞ்சும் ஒரே கடிகாரத்துக்கு நடந்தன. ஈதர்நெட்டில் ஒவ்வொரு கார்டுக்கும் அதனதன் கடிகாரம்; நேரம் பற்றிய கவலையே அதற்கு இல்லை. வெளியே பழைய வலையமைப்போடு கைகோக்க வேண்டுமானால் அந்தத் தாளம் வேண்டும்.

அதனால் அட்வான்ஸ்டு டி.சி.ஏ. பேக்பிளேனைப் பிரித்துப் பார்த்தால், கார்டுக்குக் கார்டு தனித்தனியாக ஓடும் ஈதர்நெட் தடங்களுக்குப் பக்கத்தில், எல்லாக் கார்டையும் தொட்டுக்கொண்டு போகும் சில பொதுத் தடங்கள் இருக்கும். கடிகாரத் தடங்கள். பழுதுக்குப் பயந்து ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக. அவற்றில் முதல் ஜோடியில் ஓடும் துடிப்பு நொடிக்கு 8,000. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் குரலை அளப்பதற்கென்று குறித்து வைத்த அதே எண்.